அடுத்த தெருவில் அம்மா

ஹோட்டல் வரவேற்பு மேசையில் இருந்த பெண், எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். மகளைப் பார்க்க என்றார் ஸ்டெனோ அம்மா. மகள் எங்கே இருக்கிறாள் என்று அடுத்த கேள்வி வந்தது.

"அடுத்த தெருவுல."

தட்டச்சு செய்துகொண்டிருந்த விரல்கள் அப்படியே நின்றன. அந்தப் பெண் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். அம்மாவுக்கும் மகளுக்கும் ஆகாது போலிருக்கிறது, பாவம் என்று தனக்குள் முடிவு கட்டிக்கொண்டவள், மிகவும் கனிவான குரலில், இரண்டாவது மாடியில் மூலை அறை தருகிறேன், சத்தமே இருக்காது, நன்றாகத் தூங்கலாம் என்றாள்.

ஸ்டெனோ அம்மா வந்ததே அதற்காகத்தான்.

அவர் ஒரு நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தர். வக்கீல்களும் குமாஸ்தாக்களும், ஏன், நீதிபதியும்கூட ஸ்டெனோ அம்மா, ஸ்டெனோ அம்மா என்று கூப்பிட்டே சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் மிச்சமிருந்தது. யார் என்ன பேசினாலும் சொன்னதைச் சொன்னபடி எழுதுவது அவர் தொழில். ஒரு சொல் கூட்ட மாட்டார், ஒரு சொல் குறைக்க மாட்டார். அந்தப் பழக்கம் நாளடைவில் நாக்குக்கும் இறங்கிவிட்டது. சின்னப் பொய் ஒன்று சொல்ல வேண்டி வந்தாலும் முகம் சிவந்து, வலது கை ஆள்காட்டி விரல் தானாக மடியில் கிறுக்க ஆரம்பித்துவிடும்.

போன வருஷம் வந்தபோது அவர் மகள் வீட்டில்தான் தங்கினார். ஒரு படுக்கையறை, ஒரு கூடம், மூன்றாவது ஆள் நுழைந்தால் முதல் ஆள் வெளியே வர வேண்டிய சமையலறை. மாப்பிள்ளை தன் கட்டிலை விட்டுக்கொடுத்துவிட்டு, ஆறடி உடம்பைச் சோபாவில் மடக்கிப் போட்டுக்கொண்டு, காலையில் கழுத்தைத் திருப்ப முடியாமல், நன்றாகத் தூங்கினேன் அத்தை என்பார். குளியலறை வாசலில் மூன்று பேரும் நீங்கள் முதலில், இல்லை நீங்கள் முதலில் என்று மரியாதை பண்ணியே எல்லோருக்கும் நேரமாகிவிடும். அம்மாவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. சமையலறை டப்பாக்களை உயர வரிசைப்படி மாற்றி வைத்தார். மகள் வேலைவிட்டு வந்து பழையபடி வைத்தாள். மறுநாள் அம்மா மறுபடியும் மாற்றினார். டப்பாவில் ஆரம்பித்த பேச்சு எங்கெங்கோ சுற்றி, பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு அனுப்பாத பழைய வழக்கு வரைக்கும் போனது. ரயில் ஏறும்போது இரண்டு பேரும் அழுதார்கள். பிரிவுத் துயரம் என்று மாப்பிள்ளை நினைத்துக்கொண்டார்.

இந்தத் தடவை பக்கத்தில் இருப்போம், ஒரே கூரைக்குக் கீழே வேண்டாம் என்று தீர்மானித்தார் ஸ்டெனோ அம்மா. இது வெளியே சொன்ன காரணம்.

வெளியே சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. பிறந்ததிலிருந்து அவர் ஓர் அறையில் தனியாகப் படுத்ததே இல்லை. பிறந்த வீட்டில் அக்கா தங்கைகளோடு ஒரே பாயில் வரிசையாகப் படுக்கை. யாராவது ஒருத்தி புரண்டால் கடைசியில் இருப்பவள் தரைக்குப் போய்விடுவாள். கல்யாணமாகிப் போன வீட்டில் மாமியார், நாத்தனார், அப்புறம் குறுக்கே ஒரு குழந்தை. குழந்தை வளர்ந்து போனபின் வீட்டுக்காரரும் அவர் குறட்டையும். கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டு, பெரிய கட்டிலின் நட்டநடுவில், கையையும் காலையும் நாலு திசைக்கும் நீட்டிக்கொண்டு ஒரு வாரம் தூங்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. அதை வாய்விட்டுச் சொன்னால் யார் என்ன நினைப்பார்களோ என்று யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டுக்காரருக்குப் பயணம் என்றாலே தலை சுற்றும். நீ போய்விட்டு வா என்றவர், எனக்குச் சாப்பாடு என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். மகள்தான் போனில் குதித்தாள்.

"பெத்த பொண்ணு வீடு இருக்கும்போது ஹோட்டல்ல தங்கினா நாலு பேர் என்னம்மா பேசுவாங்க?"

"அந்த நாலு பேரும் சோபாவுல படுக்கட்டும், நான் வரேன்" என்றார் அம்மா.

மாப்பிள்ளை போனை வாங்கி, அதெல்லாம் வேண்டாம் அத்தை, நம் வீட்டுக்கே வாருங்கள் என்று முறையாக ஒரு தடவை சொன்னார். இரண்டாம் தடவை சொல்லவில்லை. ஸ்டெனோ அம்மாவுக்கு அவர்மேல் மதிப்பு கூடியது அந்த இடத்தில்தான்.

ஹோட்டல் ஒரு காலத்தில் பெரிய வீடாக இருந்திருக்க வேண்டும். சாலை தெரியாதபடி மரங்கள் நிறைந்த தெருவில், மூன்று மாடியும் முன்னால் சின்னத் தோட்டமுமாக, தன்னை ஹோட்டல் என்று சொல்லிக்கொள்ளவே கூச்சப்படுவதுபோல் நின்றது. பெயர்ப் பலகையைக் கொடி பாதி மூடியிருந்தது. மேனேஜர் ஒரு குள்ளமான மனிதர். அக்கம்பக்கமெல்லாம் குடியிருப்பு, சத்தம் போட்டால் புகார் வரும் என்பதால் பல வருஷமாகக் கிசுகிசுத்தே பேசிப் பழகியவர். வெந்நீர் எந்தக் குழாயில் வரும் என்பதைக்கூட அவர் அரசாங்க ரகசியம் மாதிரிதான் சொன்னார்.

மூலை அறையில் வெள்ளை விரிப்பு ஒரு சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகப்பட்டிருந்தது. ஜன்னலைத் திறந்தால் மரக்கிளை. வெளியே ஒரு குட்டி பால்கனி, அதில் ஒரு நாற்காலி. ஒன்றே ஒன்று. அதைப் பார்த்ததும் ஸ்டெனோ அம்மாவுக்கு மனம் நிறைந்துவிட்டது. கதவைத் தாழ் போட்டார். கட்டிலின் நடுவில் உட்கார்ந்தார். யாராவது கூப்பிடுவார்கள் என்று காது பழக்கதோஷத்தில் காத்திருந்தது. யாரும் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வீட்டுக்காரர்தான் போனில் கூப்பிட்டு, சர்க்கரை டப்பா எங்கே என்று கேட்டார். கண்ணுக்கு முன்னால் இருக்கிறது என்றார் இவர். அட, ஆமாம் என்று வைத்துவிட்டார். அப்புறம் ஸ்டெனோ அம்மா நாலு திசைக்கும் நீட்டிப் படுத்தவர், சாயங்காலம் மரத்தில் பறவைகள் கூச்சல் போடும்போதுதான் விழித்தார்.

அதற்கப்புறம் நாட்கள் வழுக்கிக்கொண்டு போயின. காலையில் பால்கனியில் காபி. எதிர் வீட்டில் ஒரு கண்ணாடிக்காரப் பெண்மணி மதில்மேல் பூனையை உட்காரவைத்துச் சீப்பால் வாரிவிடுவார். பூனை, முடிவெட்டும் கடைக்கு வந்த பெரிய மனிதர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டிருக்கும். அடுத்த வீட்டில் ஒரு பருத்த மனிதர் மனைவிக்குக் காரைப் பின்னால் எடுக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். தினமும் கார் பின்பக்கமாக வந்து கேட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் நிற்கும். அவர் ஏதோ சொல்வார். மனைவி இறங்கி, கதவை அடித்துச் சாத்திவிட்டு உள்ளே போய்விடுவார். எங்கிருந்தோ ஒரு குழந்தை பியானோவில் ஒரே வரியை வாசிக்கும், ஒரே இடத்தில் தப்பு பண்ணும். கீழே போனால் ரொட்டி, முட்டை, வெட்டிவைத்த பழம். சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தால் பரிமாறுபவர் பதறிப்போய் வாங்கிக்கொள்வார்.

சாயங்காலம் மகள் வீட்டுக்கு நடந்து போவார். அங்கே டப்பாக்கள் கிடந்த கிடையைப் பார்ப்பார், பார்த்ததோடு சரி. இராத்திரி சாப்பிட்டதும் மகள் தெருமுனை வரைக்கும் கூட வருவாள். தெருமுனை வந்ததும் அம்மா மகளை அவள் வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விடுவார். மறுபடி மகள் அம்மாவை விட வருவாள். போன வருஷம் முழுசாக ஒரு வாரம் பேசாத பேச்சையெல்லாம் இந்தப் போக்குவரத்திலேயே பேசி முடித்தார்கள்.

இப்படித் தெளிந்த நீரோடை மாதிரி போய்க்கொண்டிருந்தபோதுதான் ஹோட்டலில் சில விசித்திரங்கள் ஆரம்பித்தன.

ஒரு நாள் காலை சாப்பிடப் போனால் அவர் வழக்கமாக உட்காரும் ஜன்னலோர மேசையில் வேறு யாரோ இருந்தார்கள். மேனேஜர் அவரைத் தூணுக்குப் பின்னால் ஒரு மேசைக்கு அழைத்துப்போய், இனிமேல் இதுதான் நல்லது அம்மா என்றார். பால்கனிக் கதவில் புதிதாகத் திரை தொங்கியது. நடக்கக் கிளம்பினால், செடி வெட்டுகிற பெரிய கத்திரிக்கோலைத் தோளில் சாத்திக்கொண்டு தோட்டக்காரர் பின்னாலேயே வந்தார். இவர் நின்றால் அவரும் நின்று, யார் வீட்டு வேலியையோ கொஞ்சம் வெட்டினார். இவர் நடந்தால் நடந்தார். வேலிக்குச் சொந்தக்காரர் வெளியே வந்து பார்த்ததும்தான் ஸ்டெனோ அம்மா திரும்பி, என்ன சங்கதி என்று கேட்டார். மேனேஜர் சொல்லியிருக்கிறார், உங்களைத் தனியாக விடக் கூடாதாம் என்றார் தோட்டக்காரர்.

நேராக மேனேஜரிடம் போனார். அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வழக்கத்தைவிடத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"உங்க சம்பந்தியம்மா எல்லாம் சொல்லிட்டாங்கம்மா. நீங்க கவலையே படாதீங்க. எங்களைத் தாண்டித்தான் உங்ககிட்ட வரணும்."

சம்பந்தியம்மா ஊரில் இருப்பதே ஸ்டெனோ அம்மாவுக்குத் தெரியாது. அறைக்கு வந்து மகளுக்குப் போன் போட்டார். நடந்தது துண்டு துண்டாக வெளியே வந்தது.

மாப்பிள்ளையின் அம்மா ஒரு பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்து அண்மையில் ஓய்வு பெற்றவர். நெடுநெடுவென்று உயரம், நாலு அறைக்குக் கேட்கிற குரல். மகனைப் பார்க்க வேண்டும்போல் இருந்ததாம், முன்னறிவிப்பில்லாமல் முந்தின நாள் மத்தியானம் வந்து இறங்கிவிட்டார். வந்ததும் சம்பந்தி எங்கே என்று கேட்டிருக்கிறார். ஹோட்டலில் என்று சொன்னால் மாமியார் என்ன நினைப்பாரோ என்று மகளுக்கு உதறல் எடுத்துவிட்டது. அம்மா ஒரு பெரிய வழக்கு விஷயமாக வந்திருக்கிறாள், ரகசியம், நீதிமன்றமே ஹோட்டலில் தங்கவைத்திருக்கிறது என்று வாயில் வந்ததை அவிழ்த்துவிட்டாள். முந்தின நாள் சாயங்காலம் எனக்கு வேலை இருக்கிறது, இன்றைக்கு வர வேண்டாம் என்று அம்மாவைத் தடுத்ததும் இதனால்தான். கேட்ட மாமியார் சும்மா இருப்பாரா? சம்பந்தியின் உயிருக்கு ஆபத்து என்று தானாகவே ஒரு படி மேலே போய், இவர் நடக்கப் போயிருந்த நேரம் பார்த்து ஹோட்டலுக்கு வந்து, பாதுகாப்பு போதாது என்று மேனேஜரை ஒரு பிடி பிடித்துவிட்டுப் போயிருக்கிறார்.

"இன்னைக்கு உன்னைப் பார்க்க வராங்கம்மா. கொஞ்சம் சமாளிச்சுக்கோ" என்று கெஞ்சினாள் மகள்.

"யாரும் பேசாததை என்னை எழுதச் சொல்றே" என்றார் ஸ்டெனோ அம்மா.

மத்தியானம் சம்பந்தியம்மா ஒரு பை நிறையப் பழத்தோடு வந்தார். வந்ததும் உட்காரவில்லை. தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தார், அலமாரியைத் திறந்து பார்த்தார், குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். விடுதி அறையைச் சோதனை போட்டுப் பழகிய கண். எல்லாம் திருப்தியானபின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, தன்னால் முடிந்த அளவு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"கொலையா?"

ஸ்டெனோ அம்மாவின் விரல் மடியில் ஓட ஆரம்பித்தது. மகளுக்காக ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தார். வரவில்லை.

"சம்பந்தி, கொலையும் இல்ல, கேஸும் இல்ல. உங்க மருமக பயந்துபோய் அப்படிச் சொல்லிட்டா. நான் இங்க தூங்க வந்திருக்கேன்."

சம்பந்தியம்மா பேசவில்லை. பேசாத சம்பந்தியம்மாவை ஸ்டெனோ அம்மா அதுவரை பார்த்ததில்லை. கோபம் வரப்போகிறது, கல்யாணத்தின்போது விட்டுப்போனதெல்லாம் இப்போது வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். ஆனால் அவர் உள்ளங்கையால் மெத்தையை ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தார்.

"நல்லா வருதா?"

"எது?"

"தூக்கம்தான்."

நன்றாக வருகிறது என்றார் ஸ்டெனோ அம்மா. அதோடு அணை உடைந்தது. மகன் வீட்டு சோபாவின் நடுவில் ஒரு கட்டை இருப்பதையும், அது சரியாக இடுப்புக்கு நேரே வருவதையும், அதை மருமகளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கூடத்தில் விடிய விடிய உட்கார்ந்திருந்ததையும் சம்பந்தியம்மா கொட்டித் தீர்த்தார். அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, பக்கத்து அறை காலியாக இருக்கிறதா என்று கேட்டார்.

காலியாக இல்லை. மறுநாள்தான் காலியாகும் என்று கீழேயிருந்து பதில் வந்தது. அதனால் என்ன, ஒரு ராத்திரிதானே, இவ்வளவு பெரிய கட்டில் இருக்கிறதே என்று சம்பந்தியம்மா எழுந்து போனார். மகனிடம் சொல்ல அவருக்குக் காரணம் தயாராக இருந்தது. சோபா சரியில்லை என்றால் சின்னஞ்சிறுசுகள் மனம் நோகும். அத்தைக்குத் தனியாகப் படுக்கப் பயம், துணைக்குப் போகிறேன் என்றால் யாருக்கும் குறையில்லை.

சாயங்காலம் மாப்பிள்ளையே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "அம்மா கூட இருப்பாங்க அத்தை, இனிமே பயப்படாதீங்க" என்று தைரியம் சொன்னார். தனியாகப் படுக்கவே தவம் கிடந்த ஸ்டெனோ அம்மா வாயைத் திறக்கவில்லை. பேசாமல் இருப்பது பொய் ஆகாது என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார். விரல் மட்டும் மடியில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியது.

சம்பந்தியம்மா குறட்டை விடுவதில்லை. விட்டிருந்தால்கூடத் தேவலை. அவர் தூங்குவதே இல்லை. லிப்ட் நகர்ந்தால் எழுந்து உட்கார்ந்தார். எங்கோ குழாய் சொட்டினால் யாரது என்றார். டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வந்தார். ஒரு வழியாக இருவரும் கண்ணயர்ந்ததும் பொழுது வெளுக்கத் தொடங்கிவிட்டது போலும். சம்பந்தியம்மா பளிச்சென்று விளக்குகளைப் போட்டு, இரண்டு கையையும் தட்டி, எழுந்திருங்கள் எழுந்திருங்கள் என்றார். முப்பது வருஷப் பழக்கம் ஒரே ராத்திரியில் போகுமா?

ஸ்டெனோ அம்மா முகம் கழுவிக்கொண்டு பால்கனிக்குப் போனார். அங்கே இருந்த ஒரே நாற்காலியில் சம்பந்தியம்மா உட்கார்ந்திருந்தார். அதுவரை பொறுத்தவருக்கு அந்த நாற்காலியைப் பார்த்ததும் தாங்கவில்லை.

"சம்பந்தி, நான் ஒண்ணு சொல்றேன். கோபப்படக் கூடாது."

"கோபப்படுற விஷயமா இருந்தா படுவேன். சொல்லுங்க."

"பொறந்ததுல இருந்து நான் ஒரு ரூம்ல தனியாப் படுத்ததில்ல. இந்த ஒரு வாரம்தான் எனக்குன்னு கிடைச்சுது. இதுல உங்களுக்குப் பங்கு குடுக்க எனக்கு மனசு வரல."

சொல்லிவிட்டாரே தவிர, உடனே அழுகை வரும்போல் இருந்தது. வாழ்க்கையில் வேண்டும் என்று ஒன்றை இப்படிக் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை. சம்பந்தியம்மா எதிர் வீட்டுப் பூனையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் வாயிலிருந்து வந்தது நாலு அறைக்குக் கேட்கிற குரல் இல்லை.

"எனக்கு எப்பவும் தனி ரூம்தான். வார்டன் ரூம். ஆனா ஒரு நாளும் நான் தாழ் போட்டதில்ல. எந்தப் பொண்ணு எப்ப வந்து கதவைத் தட்டுமோ, ஜுரமோ, வயித்து வலியோ, வீட்டு ஞாபகமோன்னு ஒரு காதைத் திறந்து வெச்சுக்கிட்டே படுப்பேன். வேலையை விட்டு வந்தாச்சு. காது இன்னும் மூடல." இவர் பக்கம் திரும்பி, "தாழ் போட்டுக்கிட்டா தூக்கம் வந்துடுமா?" என்று கேட்டார்.

"போட்டுப் பாருங்க" என்றார் ஸ்டெனோ அம்மா.

மத்தியானத்துக்குள் பக்கத்து அறை காலியாயிற்று. சம்பந்தியம்மா பெட்டியோடு இடம் மாறினார். பொழுது சாய்ந்து இருவரும் பிரியும்போது, ஏதாவது வேண்டுமென்றால் சுவரைத் தட்டுங்கள் என்று சம்பந்தியம்மாதான் இவரிடம் சொன்னார். சுவர் தட்டப்படவில்லை.

மறுநாள் காலை ஸ்டெனோ அம்மா ஆற அமர எழுந்து, காபி குடித்து, பூனைக்கு வகிடு எடுப்பதைப் பார்த்து, கீழே போய்ச் சாப்பிட்டும் வந்துவிட்டார். பக்கத்து அறைக் கதவு மூடியே இருந்தது. தட்டினார். பதில் இல்லை. கொஞ்சம் பலமாகத் தட்டினார். போன் அடிப்பது உள்ளே கேட்டது, எடுப்பாரில்லை. அடித்தது மாப்பிள்ளை. தினமும் விடிந்ததும் முதல் ஆளாகப் பேசுகிற அம்மா போனை எடுக்கவில்லை என்றதும் அவர் இவருக்கு அடித்தார். இவர் சொன்னதைப் பாதி கேட்கும்போதே ஓடி வந்துவிட்டார், பின்னாலேயே மகள். மாப்பிள்ளை ஒரு கன்னத்தில் சவரம் முடித்து, மறு கன்னத்தில் நுரையோடு நின்றார்.

மேனேஜர் வந்தார். வரவேற்புப் பெண் வந்தாள். தோட்டக்காரர் கத்திரிக்கோலோடு வந்தார். எதிரிகள் கடைசியில் வேலையைக் காட்டிவிட்டார்கள் என்று மேனேஜரின் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. கதவில் வாயை வைத்து அவர், அம்மா, அம்மா என்று கிசுகிசுத்தார். இந்தச் சத்தத்துக்கு யார் எழுந்திருப்பார்கள்? மாப்பிள்ளை அவரை நகர்த்திவிட்டு அம்மா என்று போட்ட சத்தத்தில் பியானோ வாசிப்பு நின்றுவிட்டது. மாற்றுச் சாவி திரும்பியது, ஆனால் உள்தாழ் போட்டிருந்ததால் கதவு திறக்கவில்லை.

நான்தானே தாழ் போடச் சொன்னேன், ஒரு நாற்காலிக்காக அந்த மனுஷியைத் தனியாக அனுப்பினேனே, ஏதாவது ஆகியிருந்தால் மாப்பிள்ளை முகத்தில் எப்படி விழிப்பேன் என்று ஸ்டெனோ அம்மா தன்னையே நொந்துகொண்டார். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தச்சரைக் கூப்பிடலாமா என்று பேசிக்கொண்டிருக்கும்போது உள்ளே தாழ் விலகும் ஓசை கேட்டது. கதவு திறந்தது. முடி அவிழ்ந்து தோளில் கிடக்க, கன்னத்தில் தலையணையின் மடிப்பு பதிந்திருக்க, சம்பந்தியம்மா நின்றார். வாசலில் இருந்த கூட்டத்தைப் பார்த்ததும் வார்டன் விழித்துக்கொண்டார்.

"எந்த மாடியில தீ?"

மாப்பிள்ளை நுரைக் கன்னத்தோடு அம்மாவைக் கட்டிக்கொண்டார். அவர், விடுடா, என்ன ஆயிற்று உனக்கு, மணி என்ன என்று கேட்டார். மணியைச் சொன்னதும் நம்பவில்லை. மகள் தன் கைக்கடிகாரத்தைக் காட்டினாள். அதை உற்றுப் பார்த்துவிட்டு, ஆச்சரியமும் கூச்சமும் கலந்து, வேலையில் சேர்ந்த பிறகு இவ்வளவு நேரம் நான் தூங்கியதே இல்லை என்றார் சம்பந்தியம்மா.

பதற்றம் தணிந்ததும் மாப்பிள்ளைக்குக் கணக்கு இடித்தது. அத்தைக்குத் துணையாகப் படுக்க வந்த அம்மா ஏன் தனி அறையில் இருக்கிறார்? இரண்டு அம்மாக்களையும் மாறி மாறிப் பார்த்தார். ஸ்டெனோ அம்மா முன்னால் வந்தார். சாட்சிக் கூண்டில் நிற்பவர் மாதிரி, உள்ளதை உள்ளபடி, தனக்குத் தனியாகப் படுக்கப் பயமில்லை, தனியாகப் படுக்கத்தான் வந்தேன் என்பதிலிருந்து, வழக்கு என்று ஒன்று இல்லவே இல்லை என்பது வரைக்கும் சொல்லி முடித்தார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். மேனேஜர்தான் பாவம், இத்தனை நாள் பட்ட கவலையெல்லாம் வீணாகப்போன வருத்தத்தில், அப்படியானால் யாருமே வரமாட்டார்களா என்று கேட்டுவிட்டு, தோட்டக்காரரை அழைத்துக்கொண்டு படியிறங்கினார்.

மாப்பிள்ளை வராந்தாவில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார். முகம் சின்னப் பையன் முகம் மாதிரி ஆகிவிட்டது.

"நம்ம வீடு அவ்வளவு மோசமாவா இருக்கு?"

கேட்டது அம்மாவை. ஆனால் இரண்டு பேருக்கும்தான் வலித்தது. சம்பந்தியம்மா அவர் பக்கத்தில் போய் நின்று, முந்தானையால் கன்னத்து நுரையைத் துடைத்துவிட்டார்.

"நல்ல வீடுடா. உனக்கும் அவளுக்கும் அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி இருக்கு. அதுக்குள்ள நாங்களும் நுழைஞ்சா தையல் விட்டுப்போகும். நாங்க பக்கத்துல இருந்துக்கிட்டு வந்து வந்து பார்க்கிறோம். அதுல என்ன குறைஞ்சுபோச்சு?" பிறகு மருமகள் பக்கம் திரும்பினார். "உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். அம்மா ஹோட்டல்ல இருக்கான்னு எங்கிட்டச் சொல்ல உனக்கென்ன அவ்வளவு பயம்? நான் என்ன உன்னை ராத்திரி வாசல்ல நிக்க வெச்சுடுவேனா?"

"உங்க குரல்தான் அத்தை" என்றாள் மகள் மெதுவாக. "நீங்க சாதாரணமாக் கேட்டாலே எனக்கு எழுந்து நிக்கணும்போல இருக்கும்."

சம்பந்தியம்மா ஒரு கணம் திகைத்தார். அப்புறம் அவர் சிரித்த சிரிப்பு கீழ்த்தளம் வரைக்கும் கேட்டிருக்கும். குரலை என்ன பண்ணுவது, முந்நூறு பெண்களைக் கட்டி மேய்த்த குரல், அதைப் பார்த்துப் பயப்படாதே, நான் ஏதாவது கத்தினால் திருப்பிக் கத்து என்று சொல்லிக்கொடுத்தார். மாப்பிள்ளைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காலைச் சாப்பாடு இன்னும் கிடைக்குமா என்று கேட்டார். நேரம் முடிந்துவிட்டாலும் சமையற்காரர் அவர்களுக்காக மறுபடி அடுப்பைப் பற்றவைத்தார். தூணுக்குப் பின்னால் இருந்த மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு நாலு பேரும் உட்கார்ந்தார்கள். ஸ்டெனோ அம்மா இரண்டாம் தடவையாகச் சாப்பிட்டார்.

சாப்பிட்டுவிட்டு மாப்பிள்ளை மிச்சச் சவரத்துக்கும் வேலைக்குமாக ஓடினார். மகள் தாமதமாக வருவேன் என்று அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று அம்மாவின் அறைச் சாவியை வாங்கிக்கொண்டு மேலே போனாள். போனவள் வரவில்லை. ஸ்டெனோ அம்மா ஏறிப் போய்ப் பார்த்தார். கட்டிலின் குறுக்கே, செருப்புக்கூடக் கழற்றாமல், கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போகிறவள், வீட்டைப் பார்க்கிறவள், இந்த மூன்று நாளாக இரண்டு அம்மாக்களுக்கு நடுவே பொய்யைக் காவல் காத்தவள். அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். தொங்கிய கையை எடுத்து மெத்தைமேல் வைத்து, போர்வையை இழுத்துவிட்டார். பால்கனி நாற்காலியில் உட்காரலாமா என்று நினைத்தார். நாற்காலி கிறீச்சிடும். வெளியே வந்து, சத்தம் வராமல் கதவைச் சாத்தினார்.

பக்கத்து அறையில் சம்பந்தியம்மா தலை வாரிக்கொண்டிருந்தார். இருவரும் ஜன்னலோரமாக உட்கார்ந்து, தேநீர் வரவழைத்துக் குடித்து, காரைப் பின்னால் எடுக்கிற அந்த மனைவி இன்றைக்குக் கேட்டை இடிப்பாரா மாட்டாரா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடிக்கவில்லை. வண்டி நேராக வெளியே வந்து தெருவில் நின்றது. புருஷன்காரர் கைதட்டினார். அந்தம்மா அவரை ஏற்றிக்கொள்ளாமலே போய்விட்டார். சம்பந்தியம்மா சிரித்த சிரிப்பில் தேநீர் புரையேறியது.

மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றபோது மத்தியானச் சாப்பாட்டு நேரமே தாண்டியிருந்தது. ஏன் எழுப்பவில்லை என்று கேட்டாள். எழுப்ப மனசு வரவில்லை என்றார் அம்மா. அலுவலகத்தில் என்ன சொல்வது என்று யோசித்து, பொய் ஒன்றும் தோன்றாமல், தூங்கிவிட்டேன் என்றே போனில் சொன்னாள். அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள் போலிருக்கிறது, அவள் முகமும் மலர்ந்தது. கிளம்பும்போது வாசலில் நின்று திரும்பினாள்.

"அம்மா, நாளைக்கும் கொஞ்ச நேரம் வந்து படுத்துக்கட்டுமா?"

ஸ்டெனோ அம்மா யோசித்தார். பெற்ற பெண் கேட்கிறாள், உடனே சரி என்றுதான் எந்த அம்மாவுக்கும் வாய் வரும். அவர் விரல் அசையவில்லை.

"மத்தியானத்துக்கு மேல வா. காலைல நான் தூங்குவேன்."